சுலோசனா தவறவிட்ட தட்டுகள்

பல்லடத்துக்குக் கிழக்கே இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில், சுடுவதற்காக மேலே வீசும் களிமண் தட்டுகள் குறி தப்பினால் கீழே விழுவதில்லை. எங்கே தப்பியதோ அந்த இடத்திலேயே ஆகாயத்தில் நின்றுவிடும். அதைத் தவறவிட்ட குண்டுகளும் பக்கத்திலேயே நிற்கும். தவறவிட்டவர்தான் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். வேறு யார் இழுத்தாலும் வராது.

பல் மருத்துவர் சுலோசனாவுக்கு மூன்று மாதத்தில் அறுபத்தோரு தட்டுகள் சேர்ந்துவிட்டன. வெயில் மறைகிறது, வடகம் காயவில்லை என்று வேலிக்கு அந்தப்புறத்து வீடுகளிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அவளுக்கு அது பெரிய கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. இருபத்தைந்தில் இருபத்தைந்தும் உடைத்தால்தான் இடம். நாற்பத்தாறு வயதில் இன்னொரு தடவை யாரும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடப் போவதில்லை. ஏன் தப்புகிறது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை நோயாளிகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள். கணவன் ஆறுச்சாமி மோட்டார் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"குண்டெல்லாம் எங்க நிக்குது?" என்று கீழிருந்து கேட்டான்.

"தட்டுக்கு ஒரு சாண் மேலீங்க."

"அடுத்ததுல?"

"அதுலயும் ஒரு சாண் மேலதானுங்க."

அறுபத்தோரு தட்டுக்கும் அதே ஒரு சாண். கடைசித் தட்டைக் கையில் எடுக்கும் முன் சுடும் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளே நின்றுகொண்டிருந்தாள், தவறவிட்ட நொடியில் இருந்தபடி. துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருக்க வேண்டிய கன்னம் ஒட்டவில்லை. தலையைத் தூக்கி, வாயை லேசாகத் திறந்து, பஸ்ஸிலிருந்து இறங்கப்போகிற ஆளைத் தேடுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். உடைவதற்கு முன்பே உடைவதைப் பார்த்துவிட வேண்டும் என்கிற பறப்பு. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. தட்டை எடுத்ததும் மேடை காலியானது.

இறங்கி வந்து சொன்னாள்: "பாக்கோணும்னு ஆசைப்படறனுங்க. தல மேல போனா குண்டும் மேல போயிருது."

"அப்ப நீ பாக்காத. நான் பாத்துச் சொல்றேன்."

அதற்கு அங்கே வழியும் இருந்தது. நடுவர் தட்டைப் பார்ப்பது அந்தக் கிளப்பில் மரியாதையில்லை. அவர் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சுடுபவர் தன் பங்குக்கு ஓர் ஆளைக் கூட்டிவர, அந்த ஆள் பார்த்துச் சொல்வதை நடுவர் எழுதிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை சுலோசனா கன்னத்தைக் கட்டையில் பதித்தவள் எடுக்கவேயில்லை. விசையை இழுத்த கையோடு கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தைந்து தடவையும் அப்படியே செய்தாள். முடிந்து கண்ணைத் திறந்தபோது ஆகாயத்தில் ஒரு தட்டும் நிற்கவில்லை. புல்லில் ஒரு சில்லும் கிடக்கவில்லை.

"எத்தனைங்க உடைஞ்சுது?" என்று நடுவர் சின்னராசு திரும்பாமலே கேட்டார்.

ஆறுச்சாமி பிடரியைச் சொறிந்தான். "நான் எங்கீங்க தட்டப் பாத்தேன்? இவ மூஞ்சியவே பாத்துட்டு நின்னுட்டேன்."

"இருபத்தஞ்சு தடவையுமா?" என்றாள் சுலோசனா.

"இருபத்தஞ்சு தடவையும்தான். கண்ண மூடிட்டு நீ அப்படி நின்னு நான் பாத்ததே இல்ல புள்ள."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு இந்த நாள்தானா கிடைத்தது?

சின்னராசு பேனாவை மூடினார். "யாரும் பாக்கலீன்னா உடைஞ்சது அதுகளுக்குத் தெரியாதுங்க. பறந்துட்டேதான் இருக்கும். பொழுது எறங்கறதுக்குள்ள பாத்துட்டுச் சொன்னீங்கன்னா எழுதிக்கறேன்."

மூன்று மணிக்குக் குண்டடத்திலிருந்து போன் வந்தது. தட்டுகள் ஊரைத் தாண்டி வரிசையாகப் போகின்றனவாம். இருவரும் காரில் ஏறினார்கள். தாராபுரம் சாலையில் அவற்றை எட்டிப் பிடித்தார்கள்.

"இப்ப நீ பாரு. நான் ரோட்டப் பாத்துக்கறேன்," என்றான் ஆறுச்சாமி.

சுலோசனா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆசை தீரும் மட்டும் தூக்கிப் பார்த்தாள். முதல் தட்டு உடைந்தது. அடுத்தது உடைந்தது. செம்மஞ்சள் தூள் காரின் மேல் சலசலவென்று கொட்டியது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வழிவிட்டார்கள். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு வந்தது.

இருபத்துநான்கு ஆனதும் அவனை நிறுத்தச் சொன்னாள். "இத ரெண்டு பேரும் பாக்கலாமுங்க."

இறங்கிச் சாலையோரம் நின்று பார்த்தார்கள். கடைசித் தட்டும் உடைந்தது. "இருபத்தஞ்சுங்க," என்று ஆறுச்சாமி போனில் நடுவரிடம் சொன்னான். சுற்றிலும் நின்ற காற்றாலைகள் தூசி படாமலிருக்க இறக்கைகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டன.