நல்லம்மா பேரில் ஒரு போத்தல்

எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் முக்கியமில்லை, பேர்தான் முக்கியம். ஒருத்தி காய்ச்சலில் படுத்தால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் அவள் பேருக்கு வேறொருத்தி போய் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வருவாள். கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார்.

2005இல் தொழிலாளர் காப்புறுதியில் குடல் புற்றுநோய்ச் சோதனையையும் சேர்த்தார்கள். குழாய் விட வேண்டாம், வலியில்லை, சிறு போத்தலில் கொஞ்சம் மலம் கொடுத்தால் போதும். ஐம்பது தாண்டியிருக்க வேண்டும். தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் பேரும் இருக்க வேண்டும். என் அம்மா பெரியாயிக்கு அறுபத்து நான்கு. நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவரை அறுபதில் பேர் வெட்டி அனுப்பியிருந்தார்கள். வியாதி வருகிற வயதில் காப்புறுதி கிடையாது, என்ன நியாயமோ! அம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த நல்லம்மா அத்தை இன்னும் வேலையில் இருந்தார்; தன் போத்தலைக் கொண்டுவந்தார்.

“எனக்கு என்னா கேடு? எம் பேர்ல நீங்க குடுங்க மதினி.”

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நல்லம்மாவின் மலத்தில் ரத்தம் இருக்கிறதாம், பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து குழாய்ச் சோதனை செய்ய வேண்டுமாம், படம் ஒட்டிய அடையாள அட்டையும் வேண்டுமாம். பெரட்டு வித்தை அங்கே பலிக்குமா? போகாவிட்டால் குட்டு வெளிப்படும் என்று பயந்து அத்தையே போய்ப் படுத்துவிட்டு வந்தார். ஒன்றுமில்லை என்று துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்.

“அம்மா, நாமளா கிளினிக்குக்குப் போவோம், வாங்க” என்று கெஞ்சினேன்.

“அதான் ஒன்னுமில்லன்னு எழுதியிருக்காங்களேடா.”

“அது அத்தையோட வயிறும்மா!”

“போத்தல் என்னுதுதானே?”

துண்டுச் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்திருந்தது.

சாவு வீட்டுக்குத் தோட்ட ஆபீஸ் பெரிய கிளார்க் சிவசுப்பிரமணியம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

“அம்மாவுக்கு என்ன வருத்தம் தம்பி?”

“குடல்ல கேன்சருங்க ஐயா.”

அவர் உச்சுக்கொட்டினார். “அந்தப் போத்தில் சோதனையும் சரியில்லை தம்பி. நல்லம்மாவுக்குப் பிழையாக் காட்டிப்போட்டுதெல்லோ. வீண் வேலை, நிப்பாட்டுங்கோ எண்டு மேல எழுதிப்போட்டன்.”

அம்மாவின் காலடியில் இருந்த அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் அத்தையின் பேரும் செக்ரோலில் வெட்டுப்படும்.

“ஆமாங்க ஐயா, பிழைதாங்க” என்றேன்.