அறுநூற்று நாற்பதாம் வரி

எங்கள் கொம்பியூட்டர் கூட்டத்துக்கு முதன்முதலாக வருகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவது புத்தி. வடைத் தட்டை ஆழ்வாப்பிள்ளை அண்ணை முதல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அதன்பிறகு மூன்று மணித்தியாலம் சண்டை. எண்பத்தாறாம் ஆண்டு, ஊர்காவற்றுறையில் மேரிஜோசப்பின் அக்கா நடத்திய தட்டெழுத்து வகுப்பில், மாதத்தில் ஒரு ஞாயிறு, அவ பூசை முடிந்து வந்ததும் இந்தக் கூத்துத் தொடங்கும்.

எங்களுக்குத் தெரிந்து தீவுப்பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு கொம்பியூட்டர்தான். அக்காவின் தம்பி லண்டனிலிருந்து கொண்டுவந்தது. டீவியில் கொழுவினால்தான் கண் திறக்கும். நாங்கள் வீட்டில் புறோகிராமைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து அதில் அடித்துப் பார்ப்போம். வேலை செய்யாவிட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "என்ரை மண்டைக்குள்ளை வடிவா ஓடினது!"

கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கொப்பியை மேசையில் விரித்து வைக்கவேண்டும். யாரும் வாசிக்கலாம், பார்த்தெழுதலாம், சிவப்புப் பேனையால் திருத்தலாம். மறைக்கிற ஆளுக்கு மெசின் கிடையாது. நல்ல சட்டம் என்று முதலில் கைதட்டியவள் நான். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஏனென்றால் அன்று நான் கொண்டுபோனது கலியாணப் பொருத்தம் பார்க்கிற புறோகிராம். என் அப்பா அம்பலவாணருக்குச் சாத்திரிமாரில் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. பத்தில் பத்துப் பொருத்தம் என்று சொல்லி என் அக்காவுக்குக் கட்டிவைத்த மாப்பிள்ளை நாலாம் மாதம் ஜெர்மனிக்குப் போனவர்தான், ஒரு கடுதாசிகூட இல்லை. "நாகபூசணி, மெசினுக்கு ஆரும் வெத்திலை வைச்சுக் குடுக்கேலாது. இனி அது சொல்லுறதுதான்" என்று அப்பா தீர்த்துவிட்டார். கனடா மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் வந்திருந்தது. மெசின் ஓமென்றால் மறுநாளே சம்மதக் கடிதம் போகும்.

எனக்குக் கனடா வேண்டாம். அனலைதீவுத் தபாற்கந்தோரில் வேலை செய்கிற தியாகலிங்கம் வேண்டும். இதை அந்த மனுசனிடம்கூட நான் சொன்னதில்லை, வாய் வரவில்லை. ஆகவே அறுநூற்று நாற்பதாம் வரியில் ஒரு வேலை பார்த்தேன். என் பிறந்த திகதியோடு அவருடைய திகதி சேர்ந்தால் ஒன்பது பொருத்தம். வேறு எவனுடையது சேர்ந்தாலும் மூன்று. அவருடைய திகதி எப்படித் தெரியும்? இறங்குதுறையில் நேவிக்காரன் அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நான் வரிசையில் பின்னால் நின்றேன். இலக்கத்தின் முதல் ஐந்து எண்களில் பிறந்த ஆண்டும் நாளும் இருக்கின்றன. கணக்கு ரீச்சருக்கு அது போதாதா?

எல்லோரும் முதல் பக்கத்தோடு களைத்துவிடுவார்கள். கடைசி வரி வரைக்கும் வாசித்துப் பிழை பிடிக்கிற விசர் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது, அதுவும் தியாகலிங்கத்துக்கு. அன்று நல்ல காற்று. அனலைதீவு வள்ளம் வராது என்று நம்பியிருந்தேன். பத்தரைக்கு, தொடைவரை நனைந்த காற்சட்டையோடு வாசலில் நின்றார்.

"காத்துக்குப் பயந்து கூட்டத்தை விடுறதே?" என்று நேரே என் கொப்பியை இழுத்தார்.

"அது இன்னும் முடியேல்லை" என்றேன்.

"முடியாததைத்தானே, ரீச்சர், வாசிக்கவேணும்."

அப்பா பக்கத்துக் கதிரையில், கனடாச் சாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "உந்த மெசினாலை நாளைக்கு மழை வருமோ எண்டு சொல்லேலுமோ?" என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணை போன மாதம் கேட்டதையே மறுபடி கேட்டார். சிவப்புப் பேனை வரி வரியாக இறங்கியது. அறுநூற்று நாற்பதில் நின்றது. நயினாதீவு அம்மாளே, இந்த நிலம் இப்போதே பிளக்கக்கூடாதா?

அவர் நிமிரவில்லை. காதைச் சொறிந்தார்.

"பிழையோ தம்பி?" என்றார் அப்பா.

"ஓம் ஐயா. பெரிய பிழை."

போச்சு. மானமும் போச்சு, மனுசனும் போச்சு. நாளைக்கே கனடாவுக்குக் கடிதம்.

"திகதி ஒண்டு பிழை ஐயா. இது பதிஞ்ச திகதி. பள்ளிக்கூடத்திலை வயசு குறைச்சுக் காட்டுறதுக்குத் தகப்பன்மார் பிந்தித்தானே பதியிறவை. பொருத்தத்துக்கு உண்மையாப் பிறந்த திகதி எல்லோ வேணும்." 130357 என்று நான் எழுதியிருந்ததை வெட்டினார். மேலே 021256 என்று ஆறுதலாக எழுதினார். கொப்பியை என் பக்கம் தள்ளினார். "இனிச் சரி. அடியுங்கோ ரீச்சர்."

அடித்து முடித்தேன். கனடாவுக்கு மூன்று வந்தது. அப்பா பெருமூச்சு விட்டுச் சாதகத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"மெசினுக்கு ஓமெண்டும் சொல்லத் தெரியுமோ எண்டு பாக்கவேணும்" என்றார் தியாகலிங்கம். "சோதினைக்கு என்ரை திகதியைப் போடுவம் ஐயா."

போட்டேன். டீவியில் ஒன்பது விழுந்தது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு டீவியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். பிறகு என்னை, கனநேரம்.

"அப்ப, பொருந்தாத அந்த ஒண்டு என்ன தம்பி?"

"அதை நாங்கள் ரெண்டுபேரும் பாத்துக்கொள்ளுறம் ஐயா."

தேத்தண்ணி ஊற்றப் போகச்சொல்லி மேரிஜோசப்பின் அக்கா என் கையில் கிள்ளினா. நான் எழும்பவில்லை. சந்தோசத்தில் கண்ணீர் முட்டிவிட்டது, துடைக்கவும் இல்லை. அந்த மனுசன் முதல் தடவையாகக் கொப்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.