இரண்டு விரல் தள்ளி ஒரு பட்டன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை தேடிப் போகவில்லை. இடுப்பில் ஏறாத என் பேண்டைத் தளர்த்தித் தரச் சொல்லித்தான் அந்தத் தையல் கடைக்குப் போனேன். தையல்காரரின் மனைவி துணியை வாங்கவில்லை.

"அவருக்கு வயித்துல புற்றுநோய் சார். நாளைக்கு அட்மிட் ஆகணும். இரைப்பையையே எடுக்கணுமாம்."

சொல்லும்போது அந்த அம்மாவின் பார்வை என் இடுப்புப் பட்டனில் இருந்தது. எனக்குக் கிடைத்தது அந்தப் பார்வை மட்டும்தான். மற்றதெல்லாம் நானாகக் கோத்தது.

2

தொடக்கம்: ஊருக்கெல்லாம் அளவெடுத்த கை, தன் உடம்பை மட்டும்—

(அடித்துவிட்டேன். அவரைக் குற்றம் சொல்ல நான் யார்?)

இன்னொரு தொடக்கம்: அந்தக் கடையில் வெட்டுவதும் தைப்பதும் அவர் வேலை. காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை. ஒருநாள் தன் பேண்டை அவள் மடியில் போட்டு, "இடுப்பு லூசா இருக்கு, பட்டனை ரெண்டு விரல் தள்ளி வை" என்றார். வைத்தாள். கொஞ்ச நாளில் மறுபடியும் கொண்டுவந்தார். "புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க போங்க" என்று கேலி செய்துகொண்டே பல்லால் நூலை அறுத்தாள். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால், உடம்பு சரியில்லையா என்று வாய் தானாகக் கேட்டிருக்கும்.

அவர் தட்டில் பாதி மிச்சம் வைத்தபோதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "என் சமையல் இறங்க மாட்டேங்குதா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். உண்மையில் இறங்கத்தான் இல்லை.

(தட்டைப் பிடுங்கியது என் கற்பனை. அவளுக்காக அதை எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தாலும் அவள் மறக்க மாட்டாள் என்று தோன்றியது.)

3

அட்மிட் ஆவதற்கு முந்தின சாயங்காலம். பையைக் கட்டிக் கதவோரம் வைத்தாயிற்று. செய்ய ஒன்றுமில்லை, பொழுதும் நகரவில்லை. அவர் ஓடாத மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பேண்டை எடுத்தாள். பட்டன் முதலில் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் இன்னும் தெரிந்தன. பட்டனைப் பிரித்து, அதே இடத்தில் வைத்துத் தைத்தாள்.

"என்ன பண்றே? இதைப் போட்டுக்கிட்டு படியிறங்கினா மானம் போயிடும்."

"போறப்போ போட இல்ல. திரும்பி வந்து போட."

அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை.

"அன்னிக்கே கேட்டிருக்கணுங்க நான். என் கையாலதானே தள்ளி வச்சேன்."

"கேட்டிருந்தா வாயுன்னு சொல்லியிருப்பேன்." மிஷினைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் சந்தேகம்தான். டேப்பை எடுத்து இடுப்புல சுத்திப் பாக்கத்தான் தைரியம் வரல. அதான் பேசாம உன்கிட்ட குடுத்தேன்."

('நீயாவது கேப்பேன்னு நெனச்சேன்' என்று அடுத்து எழுதினேன். உடனே அடித்தேன். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர் இல்லை.)

ஆனால் அவளுக்கு அது கேட்டுவிட்டது.

4

முடிவு ஒன்று: அவர் திரும்பி வருகிறார், பட்டன் பொருந்துகிறது. இரைப்பை போனவருக்கு அவ்வளவு சீக்கிரம் சதை போடாது. பொய் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: அந்தப் பேண்ட் கொடியிலேயே—

இல்லை, எழுத மாட்டேன்.

என் பேண்ட் இன்னும் நாற்காலியில் கிடக்கிறது. கடை திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். அவர் மிஷினில் உட்கார்ந்திருந்தால் கதையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அவள் மட்டும் இருந்தால், தயவுசெய்து ஒன்று சொல்லிவிடுங்கள்: 'நீயாவது கேப்பேன்னு நெனச்சேன்' என்ற அந்த வரியை அவர் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன்.