வெள்ளத்துரைக்கு ஒரு படம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதற்கு இது மேல். ஒரு சிற்றிதழின் ஆசிரியர் போன் செய்து, செயற்கை நுண்ணறிவால் சமூகத்துக்கு வரும் கேடுகளைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்றார். அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறேன். பரளச்சியில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஆனாலும் என்னை யாரும் எழுத்தாளர் என்று சொன்னதில்லை, மருந்துக்கடை அண்ணாச்சிதான்.

முதல் தொடக்கம்: ‘2075ஆம் ஆண்டு. சென்னையை எந்திரங்கள் ஆண்டுகொண்டிருந்தன.’ எனக்கு இந்த வருடத்துச் சென்னையே சரியாகத் தெரியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘அந்த எந்திரத்தின் கண்ணில் நீர் துளிர்த்தது.’ வாசித்துப் பார்த்தபோது எனக்கும் துளிர்த்தது, வெட்கத்தில்.

மூன்றாம் தொடக்கம்: ‘மானாவாரிக் காட்டின் மேல் வெயில்...’ [இங்கே ஒன்றரைப் பக்கத்துக்கு வெயில் வர்ணனை. நீக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.]

2

சரி, ரோபோவெல்லாம் வேண்டாம், நமக்குத் தெரிந்ததை எழுதுவோம் என்று ஓர் ஆட்டுத் திருடனைக் கதாநாயகனாக்கினேன். அவன் முகம் மனதில் பிடிபடவில்லை. கேட்டால் படம் போட்டுத் தரும் செயலி ஒன்று போனில் இருந்தது. ‘ஐம்பது வயது, கறுத்த ஆள், நரைத்த மீசை, தலையில் பச்சைத் துண்டு, தோளில் வெள்ளாடு, பின்னால் கருவேலமரம், வற்றிய கண்மாய்’ என்று தட்டினேன். வந்த படத்தைப் பார்த்து அசந்துபோனேன். மீசை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இருபது வருடத்தில் நான் உருவாக்கிய எந்தக் கதாபாத்திரமும் இவ்வளவு உயிரோடு இருந்ததில்லை. சும்மா இருக்க முடியுமா? ‘என் கதைத் திருடன் எப்படி?’ என்று கீழே எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். நாற்பத்தோரு பேர் பார்த்தார்கள். என் கதைகளை அத்தனை பேர் படித்ததாக நினைவில்லை.

அதில் யாரோ ஒருவர் கீழே இருந்த எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் ஊர்க் குரூப்பில் போட்டுவிட்டார். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பரளச்சிக்குப் பக்கம், அவ்வளவுதான். பெயர் சொல்லாமலே செய்த சேதாரம் போதும்.

அந்த வாரம்தான் அந்த ஊர்த் தங்கபாண்டிக்கு இரண்டு வெள்ளாடுகள் காணாமல் போயிருந்தன.

3

தங்கபாண்டி பருத்திக்கு மருந்து வாங்க என் கடைக்கு வந்தவர், போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அது நான் போட்ட படம் என்று அவருக்குத் தெரியாது.

“அண்ணாச்சி, இங்கன பாருங்க. மை போட்டுப் பாத்தாக்கூட இம்புட்டுத் தெளிவாத் தெரியாது. நம்ம வெள்ளத்துரை!”

[மை: எங்கள் பக்கம் ஆடோ சங்கிலியோ தொலைந்தால் மைக்காரரிடம் போவார்கள். வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்து, ‘கறுத்த ஆளு, தெக்குப் பக்கம் வீடு’ என்பார். ஊரில் பாதிப் பேர் கறுத்த ஆள், பாதி வீடு தெற்குப் பக்கம். அதனால் யாரும் அடிபட்டதில்லை. மைக்காரரின் மங்கலில் ஓர் இரக்கம் இருந்தது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.]

படத்தை மறுபடி பார்த்தேன். வெள்ளத்துரையேதான். அவர் தினமும் ஆடு பத்திக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போகிறவர். முகம் பிடிபடாத நான், கண்ணில் பட்ட ஆளை வரி வரியாகச் சொல்லியிருக்கிறேன். எந்திரம் மீதியை நிரப்பிவிட்டது. கற்பனை வறட்சி என்னுடையது, வேலைத்திறன் அதனுடையது.

‘நான் உடனே உண்மையைச் சொன்னே—’

இல்லை. இந்த வாக்கியத்தை நான்கு தடவை எழுதி நான்கு தடவை அடித்தேன். நான் கேட்டது, “கால் லிட்டரா, அரை லிட்டரா?” என்பதுதான்.

5

(நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு உளவியல் காரணங்கள் இருந்தன. பயம் என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம்.)

வெள்ளத்துரையின் பிழைப்பு வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஆடு மேய்ப்பது. ஆடு உங்களுடையது, மேய்ப்பு அவருடையது, ஈனுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. இதில் எழுத்து கிடையாது. ‘குட்டி செத்துப்போச்சு’ என்று அவர் சொன்னால் செத்துப்போச்சு. எங்கே, காட்டு என்று யாரும் கேட்டதில்லை. பதினோரு வீட்டு ஆடுகள், இருபத்தாறு உருப்படி, அவர் வாய்ச்சொல்லை நம்பி அவர் தொழுவத்தில் நின்றன.

படம் வந்த மூன்றாம் நாள் எட்டு வீட்டார் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி ஒச்சம்மாள் என் கடைக்கு வந்து நின்றார். எதுவும் வாங்க வரவில்லை.

“அண்ணாச்சி, நீங்க படிச்சவுக. நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுங்க. இவுக அய்யனார் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேங்கிறாக. ஊர்க்காரங்க வேண்டாங்கிறாங்க. படம் இருக்கயில சத்தியம் எதுக்குங்கிறாங்க.”

அந்த ஊரில் ஒருவன் சத்தியம் செய்ய முன்வந்து, ஊர் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. எந்திரங்கள் வேலையைப் பிடுங்கும், படிப்பைப் பிடுங்கும் என்றெல்லாம் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ஒரு மனிதனுக்குக் கடைசியாக மிச்சமிருக்கும் சொல்லையும் பிடுங்கும் என்று எதிலும் படிக்கவில்லை. [இந்த வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது. ஒச்சம்மாள் அழுதுகொண்டு நிற்கும்போது இதைத்தான் மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.]

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யனார் கோயில் முன்னால் கூடியவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்தப் படம் நான் கம்ப்யூட்டரை விட்டுப் போடச் சொன்னது, அப்படி ஓர் ஆளும் இல்லை, ஆடும் இல்லை என்றேன். பெரிய தியாகம் செய்த மாதிரி நெஞ்சு விம்மியது.

தங்கபாண்டி சிரித்தார். “அண்ணாச்சிக்கு எரக்க மனசு. வெள்ளத்துரையக் காப்பாத்தப் பாக்குறாக.”

“நெசமாத்தாம்ப்பா. நான்தான் போட்டேன்.”

“அப்படியா? எங்க, இன்னொரு தடவ போடுங்க, பாப்போம்.”

நியாயமான கேள்வி. அதே வரிகளைத் தட்டினேன். வந்த ஆள் சிவப்பாக, சினிமாக்காரன் மாதிரி இருந்தான். பின்னால் பனிமலை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த எந்திரம் ஒரு தடவை போட்ட முகத்தை மறுபடி போடாது என்று விளக்கினேன். என் கடையில் மருந்துக்கு முறை சொல்வதுபோலவே சொன்னேன்; யாரும் கேட்கவில்லை. பழைய படத்தின் மூலத்தையாவது காட்டலாம் என்றால், பயத்தில் எல்லாவற்றையும் நானே அழித்திருந்தேன்.

இரண்டாவது தடவை தட்டினேன்.

போனை வாங்கிப் பார்த்த தங்கபாண்டி சிரிப்பை நிறுத்தினார். தலையைத் தூக்கி, கூட்டத்தில் நின்ற ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். அவர் ஊருக்குக் குடிதண்ணீர் மோட்டார் போட்டுவிடுகிறவர். ஒரு வம்புதும்புக்கும் போகாதவர்.

“ஏலே ஜெகதீசு, நீயுமா?”

மூக்கு அவர் மூக்கு மாதிரிதான் இருந்தது. நான் என்ன செய்ய? போன் கை மாறிக்கொண்டே போனது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஜெகதீஸ்வரனை விட்டு ஓர் எட்டு விலகி நின்றார்கள். யாரோ பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார்கள்.

“அண்ணாச்சி, இன்னொண்ணு போடுங்க. மொத்தம் எத்தனை பேருன்னு பாத்துருவோம்!”

போனைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லப் போய் ஊருக்கு இரண்டாவது திருடனைக் கொடுத்துவிட்டு வந்த ஒரே எழுத்தாளன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் கடையில் கூட்டம். உரம் வாங்க இல்லை. ஒருவருக்கு வரப்புக் கல்லை நகட்டியது யார் என்று தெரிய வேண்டும், இன்னொருவருக்கு மகளின் கொலுசு. வரும்போது வெற்றிலை பாக்கு வாங்கி வந்திருந்தார்கள்.

7

முடிவுகள்.

(அ) தங்கபாண்டியின் ஆடுகள் கருவேலங்காட்டில் தாமாகவே கிடைக்கின்றன. ஊரார் வெள்ளத்துரையிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். இதை எழுதி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். ஆடுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

(ஆ) உண்மைத் திருடன் பிடிபடுகிறான். வேண்டாம். மறுபடி ஒரு முகம் தேவைப்படும்.

(இ) எழுத்தாளன் போனைக் கண்மாயில் எறிகிறான். தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி. தவிர, எறிந்தால் படம் மற்றவர்கள் போனிலிருந்து போய்விடுமா?

(ஈ) ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது வெள்ளத்துரையே கடைக்கு வந்துவிட்டார்.

சட்டையைப் பிடிப்பார் என்று எழுந்து நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மிச்ச மூணு வீட்டுக்காரவுகளும் நாளைக்கு வாராகளாம், ஆட்டப் பத்திட்டுப் போக. அதுக்குள்ள நீங்க ஒண்ணு செஞ்சு தரணும்.”

“சொல்லுங்க.”

“ஆடு காணாமப் போன அன்னைக்கு நான் இங்கனயே இல்ல. நரிக்குடியில மக பேச்சி வீட்டுல இருந்தேன். அவ சொன்னா, பெத்த மக அப்படித்தான சொல்லுவாங்கிறாங்க. நான் அங்கன இருந்ததுக்குப் படம் இல்ல. யாரு எடுத்தா? அத நீங்க போட்டுத் தாங்க.”

“அது பொய்ப்படமால்ல ஆயிரும்.”

“படந்தான் பொய்யி. நான் இருந்தது நெசம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், அதில் ஈரம் ஏறிய கறை. வாசலில் கவிழ்த்துப் போட்ட குடம். மடியில் பேத்தி, அவள் கையில் பாதி தின்ற முறுக்கு. பேச்சி சோறு போட்டுக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் தின்னுங்கப்பா” என்று சொன்னது. அது படத்தில் வராது என்றேன். “பரவால்ல, எழுதிக்கோங்க” என்றார்.

அத்தனையும் செயலியில் தட்டிவிட்டேன், பொத்தானை மட்டும் தொடவில்லை. நான் எழுதியதிலேயே இதுதான் உண்மையான பத்தி. ஒரு வரிகூட என்னுடையது இல்லை.

பொத்தானைத் தொட்டு, வரும் படத்தை அனுப்பினால், நாளை வருகிற மூன்று வீட்டார் ஆட்டை விட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் படம் இல்லாத எவன் சொல்லும் எடுபடாது. நான்தான் அதற்குக் கடை திறந்து வைத்தவனாவேன். அனுப்பாவிட்டால், திருடாத ஒரு மனிதர் நாளைக்குக் காலித் தொழுவத்தின் முன்னால் நிற்பார். ஆசிரியருக்கு நான் அனுப்பும் கதையில் மட்டும் நல்லவராக இருப்பார்.

“எம்புட்டு நேரமாகும் அண்ணாச்சி?”

“பத்து செகண்டு.”

பத்து செகண்டு எப்போதோ ஆகிவிட்டது. எனக்குக் கை வரவில்லை, என்னை விட்டுவிடுங்கள். போன் இதோ, உங்கள் கையில். ஒரு பொத்தானைத் தொட வேண்டும், அல்லது தொடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதுவானாலும் அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.