முதுகுக்குப் பின்னால் மலை

பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் கட்டிலைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவைத்தபோது, சாகக் கிடந்த ஓவியர் ஜோனாஸ் ஃபியரன் கண்ணைத் திறந்தார்.

"எந்தக் கழுதை இப்படிப் போட்டது?"

"ஸ்கிடா மலை நேரா தெரியுதுப்பா. நல்லா பாருங்க," என்றாள் மகள் தபிதா. கடைசியாக ஒருமுறை அவர் மலையைப் பார்த்துவிட வேண்டும்; காலையிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை.

"நேரா பாக்க நான் என்ன ஆடு மேய்க்கிறவனா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் காலத்து ஓவியர்கள் மலைக்கு முதுகைக் காட்டி நின்று, உள்ளங்கையளவு கறுப்புக் கண்ணாடியில் விழும் பிம்பத்தைத்தான் வரைவார்கள். அதில்தான் மலை ஒரு படமாக அடங்குமாம். நாற்பது வருடம் கண்ணாடியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்ததில், ஜோனாஸ் விழாத பள்ளம் கெஸிக் வட்டாரத்திலேயே கிடையாது. ஒருமுறை படுத்திருந்த காளையின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார். காளைதான் மன்னிப்புக் கேட்டது என்பார்.

கட்டில் மறுபடி திரும்பியது. கண்ணாடியைத்தான் காணோம்.

சாவு வீட்டில் கண்ணாடிகளை மூடிவைப்பது வழக்கம். ஜோனாஸின் தங்கை டார்கஸ் எதிலும் முந்திக்கொள்பவள். பொழுது விடிந்ததுமே வீட்டுக் கண்ணாடிகள் அத்தனைக்கும், பளபளத்த தேநீர்க் கெண்டிக்கும்கூடத் துணி போர்த்திவிட்டாள். கறுப்புக் கண்ணாடி அவள் இடுப்புப் பையில் இருந்தது.

"குடுங்க அத்தை. அப்பா இன்னும் உயிரோடதான இருக்கார்."

"அதுக்குள்ள உயிர் மாட்டிக்கிட்டா யாருடி பதில் சொல்றது?"

"மாட்டட்டுமே," என்றார் ஜோனாஸ். "அங்க மலை இருக்கும். இங்க நீதான இருக்க, டார்கஸ்."

அத்தை சிரிப்பை விழுங்கிக்கொண்டு பையை அவிழ்த்தாள்.

தபிதா அவர் முகத்துக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்தாள்.

"இடப்பக்கம் தள்ளு... கொஞ்சம் தூக்கு. மேகத்தை விட்டுடாதம்மா... ம். அங்கயே வை."

அவர் முகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஒரு நிறைவு வந்தது. அவள் கையை அசைக்கவில்லை. தோள் மரத்த பிறகும் அசைக்கவில்லை. அத்தைதான் அருகில் வந்து, அண்ணனின் கண்களை மூடிவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கண்ணாடியை வாங்கித் தன் சால்வைக்குள் சுற்றினாள்.



"வெளிய துணி காயுதுடி," என்றாள் அத்தை. "மழை வருது."

தபிதா தோட்டத்துக்குப் போனாள். கொடியில் அப்பாவின் சட்டைகள் இரண்டு. ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றதற்குக் கை நீட்டியவள், மலையுச்சியிலிருந்து மழை மெல்ல இறங்கி வருவதைப் பார்த்தபடி நின்றாள்.