தாளில் இல்லாத கேள்வி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஆட்டுப்பாலாடைக்கட்டி வாங்கப் போன கடையில் தெக்லாவாகவே சொன்னாள். சொல்லி முடித்ததும், "நீ கதை எழுதுறவதானே, எழுது. எங்களைப் பத்தி நாடே பேசிடுச்சு. நீயும் பேசிட்டுப் போ" என்றாள். அந்தக் கசப்பில்தான் தொடங்குகிறேன்.

(ஊர்ப் பெயர் எழுத மாட்டேன். கோசோ, மால்டாவை ஒட்டிய சின்னத் தீவு. வாசல் வரைக்கும் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

முதலில் எழுதிய வரி: "இரண்டாயிரத்துப் பதினொன்று மே மாதத்தில் மால்டா மக்கள் தங்கள் மனசாட்சியின் முன்..." தலையங்க வாடை அடித்தது. அடுத்து: "தெக்லாவின் புருஷன் ஆஸ்திரேலியாவுக்குப் போன அன்று மழை..." மழை பெய்ததாக அவள் சொல்லவே இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புருஷன் வேறொருத்தியோடு ஆஸ்திரேலியா போய்விட்டான். நீதிமன்றம் பிரிவு கொடுத்தது. ஆனால் விவாகரத்து அப்போது எங்கள் சட்டத்தில் இல்லை, அதனால் மறுமணமும் இல்லை. சில வருடங்களில் லோரெட்டு அவள் வீட்டோடு வந்து சேர்ந்தான். மால்டாவுக்கும் கோசோவுக்கும் ஓடும் கப்பலில் வேலை. அதிகம் பேசமாட்டான். "சட்டம் மட்டும் வரட்டும், மறுநாளே கல்யாணம்" என்பதுதான் அவன் வாயிலிருந்து வரும் நீளமான வாக்கியம்.

2

பிறகு நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்து எங்களிடம் கேட்டார்கள். விவாகரத்து வேண்டுமா? தாளில் கேள்வி பத்தி நீளத்துக்கு இருந்தது. பதில் மட்டும் ஒரு சொல். வேண்டுமென்றால் 'இவா', வேண்டாமென்றால் 'லே'.

நம்மைக் கேட்கிறார்களே என்று நானும் பெருமைப்பட்டேன். முடிவெடுக்க வேண்டியவர்கள் அதை நம் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவியது பிறகுதான் உறைத்தது.

தெக்லாவும் அவள் தம்பி சால்வுவும் சேர்ந்துதான் கடை நடத்தினார்கள். ஆடுகள் அவன் பொறுப்பு, கடை அவள் பொறுப்பு. கடைக்கு மேல்தான் அவன் வீடு. ஒரு காலையில் அவள் கதவைத் திறக்க வந்தபோது மாடியில் பெரிய துணி தொங்கியது: குடும்பத்தைக் காப்போம், லே.

"சால்வு! இறங்கி வாடா!"

அவன் பால்வாளியோடு வந்து நின்றான்.

"மேல தொங்குறது என்னடா?"

"உன்னைச் சொல்லல அக்கா. பொதுவாச் சொல்றது."

"இந்தத் தெருவுல புருஷன் விட்டுட்டுப் போனவ நான் ஒருத்திதானே? அப்புறம் என்னடா பொது?"

"இது நாட்டுப் பிரச்சினை. வீட்டுக்குள்ள கொண்டு வராதே."

"வீட்டு மேலயே கட்டியிருக்கே. நான் எங்கடா கொண்டு வர்றது?"

துணி இறங்கவில்லை. அந்த வாரமே வாடிக்கையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "இது நீ தொட்ட கட்டியா, சால்வு தொட்டதா?" என்று ஒருத்தி கேட்டாள். தெக்லா முதலில் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

3

சால்வுவை வில்லனாக எழுதினால் கதை சுலபமாக ஓடும். எழுதியும் பார்த்தேன்: "பொறாமையால் வெந்துகொண்டிருந்த சால்வு..." பொய். அக்கா வழக்குக்காக அலைந்தபோது ஒவ்வொரு முறையும் கூடவே போனவன் அவன். நல்லவன்தான், ஆனால் 'லே'. இந்த இரண்டையும் ஒருசேர எழுதக் கதையில் இடமிருக்கிறது. வாக்குச் சீட்டில் இல்லை.

4

ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. நாடு 'இவா' என்றது. எங்கள் தீவு 'லே' என்றது. சால்வு துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டு, கீழே நின்ற அக்காவைப் பார்க்காமல் உள்ளே போனான்.

தெக்லா அடுப்படியில் அழுதுகொண்டே ஒயின் ஊற்றினாள். "செப்டம்பர்ல வெச்சுக்கலாமா? வெயில் கொஞ்சம் தணிஞ்சிருக்கும்."

லோரெட்டு கோப்பையைத் தொடவில்லை. "தெக்லா, சொல்லிடறேன். நான் லேக்குத்தான் போட்டேன்."

விளையாடுகிறான் என்று நினைத்தாள். "ஏன், சால்வு உனக்கு ஒயின் வாங்கிக் குடுத்தானா?"

"யாரும் எதுவும் குடுக்கல. பென்சிலைக் கையில எடுத்ததும் பயம் வந்துடுச்சு."

"என்னைக் கட்டிக்கவா பயம்?"

"கட்டினவன் போயிட்டான். கட்டாத நான் இருக்கேன். இதைக் கலைக்க வேணாம்னு தோணுச்சு."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே. நாடுதானே கேட்டுச்சு."

அவன் கோப்பையிலிருந்ததை அவள் மறுபடி புட்டியிலேயே ஊற்றி மூடினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும் என்று... [இது என் ஊகம். அவள் சொன்னதில்லை.]

5

ஒரு முடிவு யோசித்தேன்: துணி கட்டிய சால்வு, சாவடிக்குள் அக்காவை நினைத்து ரகசியமாக 'இவா' போட்டிருப்பான். வாசிக்கிறவர்கள் அழுவார்கள். அவனிடமே போய்க் கேட்டேன். "லேதான் போட்டேன். நாளைக்கு வெச்சாலும் லேதான். அக்கா சாப்பிட்டாளா?" என்றான். அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று: தெக்லா லோரெட்டுவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். எழுத விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை. இன்றும் அதே மேசையில், எதிரெதிரே சாப்பிடுகிறார்கள்.

நான் 'இவா' போட்டவள். ஜெயித்தவள். வாக்கெடுப்பு இல்லாவிட்டால் அந்தச் சட்டம் இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப் போயிருக்குமோ என்பதும் தெரியும். அதனால் அது தப்பு என்று என்னால் பளிச்சென்று சொல்ல முடியவில்லை. ஆனால் வாக்கை வாங்கியதும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கேட்டவர்கள் கப்பலேறிவிட்டார்கள். தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் அதே தெருவில்தான் கட்டி வாங்க வேண்டும். சால்வு பால்வாளியைப் படியில் வைத்துவிட்டுப் போகிறான். அவள் எடுத்துக்கொள்கிறாள். பேச்சில்லை.

சட்டம் வந்தாயிற்று. தெக்லா இப்போது யாரை வேண்டுமானாலும் மணக்கலாம்.

லோரெட்டுவை அவள் மணக்க வேண்டுமா? முடிவை உங்களிடம் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் உதட்டில் அதற்குள் ஒரு சொல் வந்து நிற்கிறது, பாருங்கள். அந்த ஒரு சொல்லை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.