செவ்வாய்க்கிழமைக் கவாத்து

திராட்சை ஆண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கும் என்று ராயப்பன்பட்டியில் யாராவது சொன்னால், அவரை வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடிவிடும். கனடாவிலிருந்து மெர்லினுக்கு வந்த விசா மறுப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மெர்லின் அதைப் பந்தலுக்கடியில் நின்று தமிழில் படித்துக் காட்டினாள். “ஜனவரி, மே, செப்டம்பர் மூணு மாசமும் நான் அறுவடையை மேற்பார்வை பார்த்தேன்னு சங்கத்துச் சான்று சொல்லுதாம். திராட்சை வருசத்துக்கு ஒரு தடவதான் காய்க்குமாம். அதனால சான்றை நம்ப முடியலையாம்.”

“ஏலே சோசப்பு, அப்ப மே மாசம் நம்ம வெட்டுனது என்ன, கத்திரிக்காயா?” என்றார் பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டி.

மெர்லினின் அப்பா மரிய ஜோசப்புக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் தோட்டக்கலை படித்து, இரண்டு ஆண்டு விவசாயிகள் சங்கத்தில் வேலை பார்த்தவள். பழம் பதப்படுத்தும் படிப்புக்குக் கனடாவில் இடமும் கிடைத்திருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதம் மாறும்; கொடியை வெட்டிய நாலாம் மாதம் பழம். அதனால் எந்த மாதம் வந்தாலும் எங்காவது அறுவடை நடந்துகொண்டிருக்கும். இதையும் சான்றில் விளக்க வேண்டும் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைத் தட்டச்சு செய்த மெர்லினுக்கும் தோன்றவில்லை.

குமுளியில் பிறந்து டொரொண்டோவில் வழக்கறிஞராக இருக்கும் ஷீபா வீடியோ அழைப்பில் வந்தார்.

“புதுசா விண்ணப்பிச்சா என்ன மேடம்?”

“செய்யலாம். பொய்ச் சான்று குடுத்தவள்ங்கிற சந்தேகமும் உன் பின்னாலேயே வரும். கோர்ட்டுக்குப் போவோம் மோளே. கோர்ட் விசா குடுக்காது. முடிவெடுத்த விதம் சரியான்னுதான் பார்க்கும். புது ஆதாரமும் லேசில எடுத்துக்க மாட்டாங்க. ஆனா சந்தேகம் வந்தா உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல? கேக்கலையே. அதுதான் நம்ம பிடி. கேட்டிருந்தா நீ என்ன காட்டியிருப்பே?”

“தோட்டத்தை.”

“அப்ப அதைக் காட்டு. பிரமாணப் பத்திரத்தோட இந்த வாரமே வரணும்.”

மெர்லினின் மனம் பரபரத்தது. வெட்டிய கொடி, பூத்த கொடி, பழுத்த கொடி மூன்றையும் ஒரே நாளில், நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துவிட்டால்? அப்பாவின் பந்தலில் பழம் கறுத்துத் தொங்கியது. சுருளியாண்டியின் கீழத்தோட்டம் பூவில் இருந்தது. அவருடைய மேலத்தோட்டத்தில் புதன்கிழமை கவாத்து. ஆனால் அதே புதன் விடியலில் சின்னமனூர் வியாபாரி அப்பாவின் பழத்தை வெட்ட ஆள் கொண்டுவருகிறார்.

“இன்னைக்கே கவாத்து வச்சிருங்க சித்தப்பா.”

“செவ்வாக்கிழமையா? எங்க அப்பன் காலத்துல இருந்து செவ்வாயில கொடியில கத்தரி பட்டதில்ல ஆத்தா.”

“விடிஞ்சா பழம் போயிரும். பழம் போனா என் கேசும் போயிரும்.”

சுருளியாண்டி கொடியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜோசப் பக்கம் திரும்பினார். “வேதக்காரகளுக்குச் செவ்வா எப்பிடிலே?”

“அந்தோணியாருக்கு உகந்த நாளு. கோயில்ல இடமே கெடைக்காது.”

“அப்ப மொதக் கத்தரி நீ வையி. தோசம் வந்தா அந்தோணியாரு பாத்துக்கிடட்டும்!”

ஜோசப் சிலுவை போட்டுக்கொண்டு முதல் கிளையை வெட்டினார். அதற்கப்புறம் சுருளியாண்டியைப் பிடிக்க முடியவில்லை. கவாத்து ஆட்களைப் போன் போட்டு வரவழைத்தார். தானும் ஒரு கத்தரியோடு பந்தலடியில் புகுந்தார். வெயில் குமுளி மலைப் பக்கம் சாய்வதற்குள் மேலத்தோட்டம் மொட்டையாகி, வெட்டுவாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மெர்லின் போனை உயர்த்தினாள். சொட்டும் கொடி. வரப்பைத் தாண்டினால் பூ. வேலிப் படலைத் தள்ளினால் கறுத்த கொத்துகள். ஓட்டம் அறுபடவில்லை. பின்னாலேயே வந்த சுருளியாண்டி கத்தினார்: “ஒரு தடவதான் காய்க்குமாம்ல!”

“சித்தப்பா, அதுவும் பதிவாயிருச்சு!”

மறுநாள் உத்தமபாளையத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டாள். ஷீபா அந்தக் கத்தலையும் மொழிபெயர்த்தே தாக்கல் செய்தார்.

மேலத்தோட்டம் துளிர்த்தது, பூத்தது, பிஞ்சு பிடித்தது. மெர்லின் தினமும் மெயிலைப் பார்த்தாள். பழம் நிறம் திரும்பும் சமயம் ஷீபா அழைத்தார். “அரசு வக்கீல் வாதாடவே இல்லை. பழைய முடிவை ரத்து பண்ணச் சம்மதிச்சிட்டாங்க. வேற அதிகாரி முதல்லேருந்து பார்ப்பார்.”

“அவுகளும் மாட்டேன்னு சொன்னா?”

“சொல்லலாம். பார்ப்போம்.”

அடுத்து வந்த மெயிலைப் பார்த்ததும் மெர்லின் வரப்பில் ஓடினாள். “அப்பா! கேட்டிருக்காக! வருசத்துக்கு எத்தன அறுவடைன்னு விளக்கம் கேட்டிருக்காக!”

“இவுக வெவரமான ஆளு,” என்றார் சுருளியாண்டி.

அன்றே பதில் போனது. மேலத்தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லித் தகவல் வந்தது. விசாவை ஒட்டத்தான் அதைக் கேட்பார்கள். மெர்லின் அப்பாவைக் கட்டிக்கொண்டு கத்தியதில் கூடை கவிழ்ந்து பழம் உருண்டது.

ஒரு கொத்தைப் பொறுக்கித் தூக்கிப் பார்த்தார் சுருளியாண்டி. என்றுமில்லாத கனம்.

“சோசப்பு, அடுத்த கவாத்தும் செவ்வாதான். கத்தரியோட வந்திருலே.”